கேன்சர் ட்ரீட்மென்ட் முடிஞ்ச அம்மாவுக்கு சோறு, பால், முட்டை எல்லாத்தையும் நிறுத்தணுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். போன வீடியோவுக்கு கீழ நிறைய கேள்வி வந்திருந்துச்சு, அதுல ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்குறேன், ஏன்னா இதையே வேற வேற மாதிரி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ஒரு பொண்ணு எழுதியிருக்காங்க, படிக்கிறேன். "மேடம், எங்கம்மாவுக்கு 58 வயசு. மார்பக கேன்சர், ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு 5 மாசம் ஆச்சு. இப்ப லெட்ரோசோல்ங்கற ஹார்மோன் தடுப்பு மாத்திரை மட்டும் போடுறாங்க. எங்கண்ணன் வீடியோ எல்லாம் பாத்துட்டு சக்கரை, சோறு, பால், முட்டை, மீன் எல்லாத்தையும் நிறுத்திட்டாரு. ஜூஸும் காய்கறியும் தான், ரெண்டு வேளை முள்ளு சீத்தா இலை கஷாயம். 62 கிலோ இருந்தவங்க இப்ப 53 கிலோ. மாடிப்படி ஏற முடியல. கேன்சர் செல் பட்டினியில சாகுதுன்னு அண்ணன் சொல்றாரு. இது சரியா, என்ன சாப்பாடு குடுக்கலாம்?"

சரிம்மா, முதல்ல ஒண்ணு. நான் கேன்சர் வார்டுல டயட்டீஷியனா இருக்கேன், டாக்டர் கிடையாது. 62-லேர்ந்து 53-ன்னா 9 கிலோ, அதாவது ஏழுல ஒரு பங்கு உடம்பு போயிருக்கு. ஆறு மாசத்துல நூத்துக்கு அஞ்சு பங்கு எடை தானா குறைஞ்சாலே நாங்க உஷாராயிடுவோம். சாப்பாட்டை நிறுத்துனதால தான் குறைஞ்சுதுன்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, தைராய்டா இருக்கலாம், சுகரா இருக்கலாம், வேற எதாவதும் இருக்கலாம். அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்க வேணாம், இந்த வாரமே ட்ரீட்மென்ட் குடுத்த டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் எடை இவ்ளோ குறைஞ்சிருக்குன்னு சொல்லுங்க. அந்த கஷாயத்தையும் சொல்லுங்க, மறைக்காதீங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பட்டினியில கேன்சர் செல் சாகும்ங்கறது எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1920-கள்ல ஜெர்மனியில ஓட்டோ வார்பர்க்னு ஒரு விஞ்ஞானி, கேன்சர் செல் சாதாரண செல்லை விட ரொம்ப அதிகமா குளுக்கோஸை இழுக்குதுன்னு கண்டுபிடிச்சாரு. அது உண்மை தான். உங்கம்மாவுக்கு பெட் ஸ்கேன் எடுத்திருந்தா அதே விஷயத்தை வெச்சு தான் எடுத்திருப்பாங்க, கதிரியக்கம் ஏத்துன குளுக்கோஸை ஊசியில போட்டு எங்க அதிகமா சேருதுன்னு பாக்குறது. இந்த வீடியோக்கள்ல எல்லாம் "இதுக்கு தான் அவருக்கு நோபல் பரிசே குடுத்தாங்க"ன்னு சொல்றாங்க பாருங்க, அது தப்பு. 1931-ல அவருக்கு நோபல் குடுத்தது செல் மூச்சு விடுறதுக்கு உதவுற ஒரு என்சைம் பத்துன ஆராய்ச்சிக்கு. சரி அது போகட்டும். நீங்க சக்கரையை நிறுத்துனா ரத்தத்துல குளுக்கோஸ் இல்லாம போயிடுமா? போகாது. மூளைக்கு குளுக்கோஸ் வேணும், ரத்த அணுக்களுக்கு வேணும், அதனால கல்லீரல் உக்காந்து தயார் பண்ணிக்கிட்டே இருக்கும். எதை வெச்சு தயார் பண்ணும்னா சதையை கரைச்சு. தொடையில இருக்குற சதை, தோள்ல இருக்குற சதை, அதை உடைச்சு அந்த புரோட்டீன்லேர்ந்து குளுக்கோஸ் செய்யும். அப்ப பட்டினி யாருக்குன்னு நீங்களே பாத்துக்கோங்க. அம்மாவால மாடிப்படி ஏற முடியலன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அதுக்காக சக்கரையை அள்ளி போடச் சொல்லல. கூல்டிரிங்ஸ், ஸ்வீட்டு, பேக்கரி அயிட்டம் எல்லாம் யாருக்குமே நல்லதில்ல, சில பேருக்கு பிரெஸ்ட் கேன்சர் ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் எடை குறையாது, ஏறிடும், அவங்க இதுல கண்டிப்பா இருக்கணும். சுகர் வியாதி இருந்தா அது தனி கணக்கு. ஆனா ஒரு டம்ளர் காப்பியில ஒரு ஸ்பூன் சக்கரை போட்டதால கேன்சர் திரும்ப வரும்னு பயமுறுத்தாதீங்க. இன்னொண்ணு, வெள்ளை சக்கரை விஷம்னு சொல்லிட்டு கருப்பட்டி, நாட்டுச்சக்கரை, தேன்னு மாத்திட்டு அதை கணக்கே இல்லாம போட்டு குடிக்கிறாங்க, உள்ள போனா எல்லாம் ஒரே சக்கரை தாங்க, பேரு தான் வேற.

அடுத்து முள்ளு சீத்தா. கேன்சர் வார்டு வாசல்ல நின்னீங்கன்னா பத்து பேர்ல நாலு பேர் கையில அந்த இலை இருக்கும், எனக்கே அலுத்துப் போச்சு. கண்ணாடி தட்டுல வளர்த்த கேன்சர் செல் மேல அந்த சாறு பட்டா சாகுதுங்கறாங்க. தட்டுல இருக்குற செல் மேல பினாயில் ஊத்துனாலும் தான் சாகும். மனுஷ உடம்புல கேன்சரை குணமாக்குதுன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல. அதை விட பெரிய விஷயம், அந்த மரத்துல அன்னோனாசின்னு ஒரு பொருள் இருக்கு, அது நரம்பை கெடுக்கும். கரீபியன் கடல்ல குவாடலூப்னு ஒரு தீவு, அங்க ஜனங்க இந்த பழத்தையும் இலை டீயையும் வழக்கமா எடுத்துக்குவாங்க, அங்க பார்கின்சன் மாதிரி ஒரு நடுக்க நோய், அதுவும் வழக்கமான மாத்திரைக்கு சரியா மசியாத டைப், நிறைய பேருக்கு இருக்குறதை பாத்து 1999-லயே எழுதியிருக்காங்க. பழம் எப்பவாவது ஒரு துண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. தினம் ரெண்டு வேளை கஷாயம், அதுவும் மாசக்கணக்குல, வேணவே வேணாம்.

மஞ்சள், கிரீன் டீ எல்லாம் கேப்பீங்க. குழம்புல போடுற மஞ்சள் போட்டுக்கோங்க. கேப்சூலா அடைச்சு விக்குறது வேற, அதுல கல்லீரல் கெட்டுப் போன கேஸ் எல்லாம் இருக்கு. விட்டமின் மாத்திரையும் அப்படித்தான். ஃபின்லாந்துல 29,000-க்கு மேல சிகரெட் பிடிக்கிற ஆம்பளைங்களை வெச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க, பீட்டா கரோட்டின் மாத்திரை குடுத்தா நுரையீரல் கேன்சர் குறையும்னு நம்பி குடுத்தாங்க, 1994-ல ரிசல்ட் வந்தப்ப பாத்தா மாத்திரை போட்டவங்களுக்கு 18 சதவீதம் அதிகமா வந்திருக்கு. கேரட்ல இருக்குற அதே சத்து தான், மாத்திரையில வேற மாதிரி வேலை செஞ்சிருச்சு. ரத்தத்துல குறையுதுன்னு டெஸ்ட் சொல்லி, டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும் போடுங்க.

சரி, என்ன குடுக்கணும்? அம்மாவுக்கு இப்ப முக்கியமா போயிருக்குறது சதை, அதை திரும்ப கட்டணும். அதுக்கு புரோட்டீன். இந்த மாதிரி நிலைமையில உடம்பு எடை ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல, முடிஞ்சா ஒன்றரை கிராம் வரைக்கும் கணக்கு வெப்போம். 1.2-ன்னு வெச்சுக்கிட்டா 53 கிலோவுக்கு ஒரு நாளைக்கு சுமார் 64 கிராம். இப்ப அம்மா ஜூஸும் காயும் சாப்பிடுறதுல 20 கிராம் வந்தாலே பெருசு. (கிட்னியில பிரச்சனை, கிரியேட்டினின் அதிகம்னா மட்டும் இந்த கணக்கை நீங்களா போடாதீங்க, டாக்டரை கேட்டுட்டு செய்யுங்க.)

64 கிராம்னா பயந்துடாதீங்க, நம்ம வீட்டு சாப்பாடு தான். காலையில வேக வெச்ச முட்டை ரெண்டு, அதுல 12. பதினோரு மணிக்கு ஒரு சின்ன கிண்ணம் சுண்டல், 7. மதியம் சோறு, ஆமா சோறு தான், கூட கெட்டியா பருப்பு ஒரு கிண்ணம் 8, மீன் ரெண்டு துண்டு, ஒரு 100 கிராம் இருந்தா 20, கடைசியா தயிர், அது ஒரு 4. சாயங்காலம் பால் ஒரு டம்ளர் 6, ராத்திரி மூணு இட்லி 6. கூட்டிப் பாருங்க, 63 வந்துடும், சோத்துல வர்றதையும் சேத்தா தாண்டிடும். பவுடர் டப்பா எதுவும் வாங்கலையே நாம. சைவம்னா மீனுக்கு பதிலா பன்னீர், இல்ல மீல்மேக்கர். ஐயோ சோயாவா, அதுல ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் இருக்காமேன்னு உடனே கேப்பீங்க. சோயாவுல இருக்குறது செடியில இருக்குற பொருள், நம்ம ஹார்மோன் மாதிரி கொஞ்சம் ஜாடை, அவ்ளோதான். ஷாங்காய்ல பிரெஸ்ட் கேன்சர் வந்த 5,000-க்கு மேல பெண்களை தொடர்ந்து பாத்து 2009-ல ரிசல்ட் போட்டாங்க, சோயா உணவு அதிகமா சாப்பிட்டவங்களுக்கு கேன்சர் திரும்ப வந்தது குறைவா தான் இருந்துச்சு. மீல்மேக்கர் குழம்பு வெச்சு சாப்பிடலாம், சோயா மாத்திரை தான் வேணாம். பாலுக்கும் அதே தான், பால் குடிச்சா கேன்சர் திரும்பும்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. பிராய்லர் கோழி மனசுக்கு ஒப்பலையா, விடுங்க, மீன் இருக்கு முட்டை இருக்கு, அதுக்கு நான் சண்டை போட மாட்டேன்.

பால் இன்னொரு காரணத்துக்கும் வேணும். லெட்ரோசோல் போடுறவங்களுக்கு எலும்பு தேயும், உடம்புல ஈஸ்ட்ரோஜன் குறையுறதால. அதனால எலும்பு ஸ்கேன் எடுத்தாச்சான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, விட்டமின் டி டெஸ்ட்டும் கேளுங்க. வீட்டுல பால் தயிர் இருக்கட்டும், கேழ்வரகு 100 கிராம்ல சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, காலையில கூழோ அடையோ எதுவோ ஒண்ணு. நெத்திலியை முள்ளோட சாப்பிடலாம். முருங்கைக்கீரை இருக்கவே இருக்கு.

இதெல்லாம் நாளைக்கு காலையிலேயே தட்டுல கொட்டி சாப்பிடுமான்னு நிக்காதீங்க. ரொம்ப நாள் சரியா சாப்பிடாத உடம்பு, டாக்டர் பாத்துட்டு சரின்னு சொன்னதும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. கீமோவுக்கு அப்புறம் சில பேருக்கு நாக்குல இரும்பு ருசி மாசக்கணக்குல இருக்கும், கறி மீனு வாடையே ஆகாது. அப்ப சூடா குடுக்காம ஆற வெச்சு குடுங்க, எலுமிச்சை பிழிங்க, ஒரு புதினா துவையல் வைங்க, எவர்சில்வர் ஸ்பூனை விட்டுட்டு மர ஸ்பூன் குடுத்துப் பாருங்க. வாயில புண் இருந்தா புளிப்பு காரம் வேணாம், தயிர் சாதம், பாசிப்பருப்பு கஞ்சி. பசி எடுக்கட்டும்னு காத்திருந்தா பசி வராது, ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தரம் கொஞ்சமா.

ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன். சாப்பாட்டை மாத்துனா கேன்சர் திரும்ப வராதுன்னு நான் உங்களுக்கு சத்தியம் பண்ண முடியாது. அமெரிக்காவுல 3,088 பெண்கள், பிரெஸ்ட் கேன்சர் ட்ரீட்மென்ட் முடிஞ்சவங்க, பாதிப் பேருக்கு காய் பழம் ரொம்ப அதிகம், கொழுப்பு ரொம்ப கம்மின்னு சாப்பாடு, சராசரியா ஏழு வருஷத்துக்கு மேல பாத்தாங்க, 2007-ல ரிசல்ட். திரும்ப வந்ததுல வித்தியாசமே இல்ல. அப்ப காய்கறி வேஸ்ட்டான்னா இல்ல, இதயம், சுகர், மலச்சிக்கல், எல்லாத்துக்கும் அது வேணும், கேன்சர் ஜெயிச்ச நிறைய பெண்களுக்கு பின்னாடி ஆபத்து இதயத்துலேர்ந்து தான் வருது. ஆனா அந்த ஜூஸை நம்பி லெட்ரோசோலை நிறுத்திடாதீங்க, திரும்ப வர்றதை தடுக்குற வேலையை செய்யுறது அந்த மாத்திரை.

அப்புறம் நடை. சாப்பிட்ட புரோட்டீன் சதையா மாறணும்னா சதைக்கு வேலை குடுக்கணும். 2025-ல குடல் கேன்சர் ஆளுங்க 889 பேர்ல ஒரு ரிசல்ட் வந்துச்சு, கீமோ முடிஞ்சப்புறம் பாதிப் பேரை மூணு வருஷம் ஆள் வெச்சு உடற்பயிற்சி செய்ய வெச்சாங்க, அவங்களுக்கு கேன்சர் திரும்ப வர்றது, புதுசா வர்றது, இல்ல இறந்து போறது, இதோட ஆபத்து 28 சதவீதம் குறைஞ்சுது. அது குடல் கேன்சர், அம்மாவுக்கு அதே கணக்கு அப்படியே வரும்னு சொல்லல. ஆனா நாற்காலியில உக்காந்து கையை ஊணாம எழுந்திருக்குறது, அஞ்சு தடவை, வாசல் வரைக்கும் நடை, இதுலேர்ந்து ஆரம்பிக்கலாம். ஆபரேஷன் பண்ண பக்க கையில வெயிட் தூக்குறதை மட்டும் பிசியோதெரபிஸ்ட்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க, வீக்கம் வரலாம்.

எங்க வார்டுக்கு ஒரு பாட்டி வருவாங்க, பையன் ஏழு மாசமா மீனே கண்ணுல காட்டல. சாப்பிடலாம் பாட்டின்னு நான் சொன்னதும் அவங்க என்னை பாக்கல, பையனை திரும்பி பாத்தாங்க. பாட்டி கேட்டது "சங்கரா மீனுமாடா?". அந்த பையன் அழுதுட்டாரு, அவரும் பாசத்துல தானே செஞ்சாரு.

அதனால உங்கண்ணனை திட்டாதீங்கம்மா. பயம் தான் அது, எதாவது செஞ்சுக்கிட்டே இருக்கணும்ங்கற பயம். அவருக்கு ஒரு வேலை குடுங்க. ஞாயித்துக்கிழமை காலையில, அம்மா பாத்ரூம் போயிட்டு வந்ததும், ஒரே மெஷின்ல எடை பாத்து ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க, அந்த வாரம் எத்தனை முட்டை, எத்தனை நாள் மீன்னு பக்கத்துல. நாலு வாரம் எழுதிட்டு அந்த நோட்டை மறுபடியும் டாக்டர்கிட்டயும், அங்க இருக்குற டயட்டீஷியன்கிட்டயும் காட்டுங்க, எடை 53-லயே நிக்குதா ஏறுதான்னு அங்கேயே பேசிக்கலாம். அடுத்த கேள்வி, வாய் கேன்சர் ரேடியேஷனுக்கு அப்புறம் எச்சில் ஊறலன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு, அது கொஞ்சம் பெரிய பதில், தனி வீடியோவா போடுறேன்.