மேடேவுக்கு ஒரு படி முன்னால்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கடலே இல்லாத இம்மாவட்டத்தின் பாலக்கோட்டில் பிறந்து, சரக்குக் கப்பல்களில் வானொலி அலுவலராகப் பல ஆண்டுகள் காதுக்கருவி மாட்டியிருந்தவன் நான். பலரும் தயங்கிச் சொல்லாமலே விட்டுவிடும் ஓர் அழைப்பைப் பற்றி இன்று பேசுகிறேன்.

உயிருக்கோ கலத்துக்கோ உடனடி ஆபத்து நேர்ந்தால் அழைப்பது 'மேடே' என்பது பலருக்கும் தெரியும். அதற்கு ஒரு படி முன்னால் நிற்பது, பழுது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த 'பான்-பான்'. ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்துவிட்டால் அது மேடே. துடுப்பு கைநழுவி, பரிசல் இன்னும் மிதந்துகொண்டிருந்தால் அது பான்-பான். கப்பல்கள் 16-ஆம் அலைவரிசையிலும், விமானங்கள் பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலோ 121.5 மெகாஹெர்ட்ஸிலோ இதை மும்முறை சொல்லும். மேடே தவிர மற்ற எல்லாப் பேச்சும் இதற்கு வழிவிட வேண்டும். புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பிய மோர்ஸ் காலத்தில் இதற்கு ஈடாக மூன்று எக்ஸ் எழுத்துகளை அனுப்பினோம்.

உரிய சொல்லைச் சொல்லாததால் நேர்ந்த இழப்பை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது. 1990 ஜனவரி 25 அன்று, மோசமான வானிலையால் நியூயார்க் அருகே ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் காத்திருக்க வைக்கப்பட்ட கொலம்பியாவின் அவியான்கா 52 விமானத்தில், எரிபொருள் தீர்ந்துவருவதாகவும் முன்னுரிமை வேண்டும் என்றும் சொன்ன விமானிகள், அவசரநிலை என்று ஒருமுறைகூட அறிவிக்கவில்லை. கேட்டவர்களுக்கு நிலைமையின் கடுமை எட்டவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 73 பேர் இறந்தனர்.

எங்கள் கப்பலிலும் அத்தகைய தயக்கத்தைக் கண்டேன். நடுக்கடலில் சமையல்காரருக்குக் கடும் வயிற்றுவலி. கப்பல் நன்றாகத்தானே ஓடுகிறது, ஊரையெல்லாம் எதற்கு எழுப்புவது என்று கேப்டன் யோசித்தார். மருத்துவ ஆலோசனைக்கும் பான்-பானே முறையான அழைப்பு என்று நான் வலியுறுத்திய பிறகு அனுமதித்தார். கப்பல்களின் அவசர அழைப்புக்கான 2182 கிலோஹெர்ட்ஸில் பான்-பான் சொன்னதும் அதுவரை இருந்த பேச்சுகள் அடங்கின. மருத்துவர் இருந்த ஒரு பயணிகள் கப்பல் பதில் தந்தது. அவர் சொல்லச் சொல்ல, மருந்துப் பெட்டியிலிருந்து எதை எவ்வளவு கொடுப்பது என்று குறித்துக்கொண்டோம்.

எல்லோரையும் நோக்கி விடுத்த பான்-பானை, தேவை தீர்ந்ததும் அழைத்தவரே ரத்து செய்ய வேண்டும். விடியற்காலையில் வலி தணிந்த பின், மீண்டும் மும்முறை அழைத்து, உதவி இனித் தேவையில்லை என்று அறிவித்தேன்; அதன் பிறகே, இரவெல்லாம் எங்களுக்காகக் காது கொடுத்திருந்த கப்பல்கள் ஒவ்வொன்றாக நன்றி ஏற்று விடைபெற்றன.