இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கலாமா? திருவொற்றியூரிலிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. அதை அப்படியே வாசித்துவிடுகிறேன். "ஐயா, என் வீட்டுக்காரருக்கு வயது 46. மணலியிலிருந்து துறைமுகத்துக்குக் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். இரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.8 என்று வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். மகன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். அதில் தினமும் 10,000 ஸ்டெப் காட்ட வேண்டும் என்கிறார்கள். இவருக்கு 3,500, மிஞ்சிப்போனால் 4,000தான் வருகிறது. 'இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்று கழற்றி டிவி பக்கத்தில் வைத்துவிட்டார். காலையில் நடக்க நேரமே கிடையாது. இரவு சாப்பிட்ட பிறகு நடக்கச் சொன்னால், சாப்பிட்டதும் நடந்தால் குடல் பிசகிவிடும் என்று என் மாமியார் தடுக்கிறார். நடக்கலாமா, கூடாதா?"

நடக்கலாம், சகோதரி. நான் தண்டையார்பேட்டையில் இயன்முறை மருத்துவராக இருப்பவன். முதுகு வலி, முழங்கால் வலி என்று என்னிடம் வரும் ஓட்டுநர்கள் ஏராளம். அந்த அனுபவத்தோடு சொல்கிறேன்: உங்கள் கணவருடைய வேலைக்கும் நோய்க்கும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரமே மற்ற எல்லா நேரத்தையும் விடப் பொருத்தமானது. டிவி பக்கத்தில் கிடக்கும் வாட்சை எடுத்து மறுபடியும் கட்டச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பத்தாயிரத்தை மட்டும் மறந்துவிடச் சொல்லுங்கள்.

அந்த எண் எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்த எண் அன்று. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்து முடிந்த சூட்டோடு, 1965-இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொண்டு காலடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குப் 'பத்தாயிரம் காலடி மானி' என்று பொருள்படும் ஜப்பானியப் பெயரைச் சூட்டியது. கேட்பதற்கு நன்றாக இருந்த அந்த முழு எண் அறுபது ஆண்டுகளாக உலகத்தைச் சுற்றி, கடைசியில் உங்கள் வீட்டு வாட்சுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. எண்ணிக்கையை உண்மையிலேயே அளந்து பார்த்த ஆய்வுகள் மிகப் பிற்காலத்தவை. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயும் அவருடன் பணியாற்றியவர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 உடைய 16,741 பெண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 காலடிகள் வைத்தவர்களோடு ஒப்பிடும்போது, 4,400 வைத்தவர்களிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500-ஐத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் எதுவும் தென்படவில்லை. 2025-இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் 57 ஆய்வுகளைத் திரட்டி வெளியான கட்டுரையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நின்றது: 2,000 காலடிகள் நடப்பவர்களைவிட 7,000 நடப்பவர்களுக்கு இறப்பு அபாயம் 47 விழுக்காடு குறைவு.

இந்த எண்களையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. உடம்புக்கு முடியாதவர்கள் குறைவாகத்தான் நடப்பார்கள், ஆகவே குறைவாக நடந்ததால் நோய் வந்ததா, நோய் இருந்ததால் நடை குறைந்ததா என்பதை இத்தகைய ஆய்வுகளால் முற்றிலும் பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் உங்கள் கணவருக்கு வேண்டிய சேதி அவற்றில் இருக்கிறது. பலன் பெரிய அளவில் கூடுவது 2,000-லிருந்து 7,000 வரை ஏறும் பாதையிலேதான். அவர் இப்போது நிற்பது அந்தப் பாதையின் நடுவில். தோற்றுப்போனதாக நினைத்து வாட்சைக் கழற்றினார். உண்மையில் இனி வைக்கும் ஒவ்வோர் ஆயிரமும் அதிக மதிப்புள்ளதாக இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு கழற்றியிருக்கிறார்.

ஓட்டுநர் இருக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் உடலுழைப்பும் இதய நோயும் பற்றிய நவீன ஆராய்ச்சியே ஒரு வகையில் ஓட்டுநர்களிடமிருந்துதான் தொடங்கியது. லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், அந்நகரத்தின் மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இருவருக்கும் ஒரே பேருந்து, ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே குடும்பப் பின்னணி. ஆனால் நாள் முழுவதும் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகமாகவும், வந்தால் உயிரைப் பறிப்பதாகவும் இருந்தது. மோரிஸ் நேர்மையான மனிதர். பிற்பாடு அவரே சீருடைக் கணக்குகளை எடுத்துப் பார்த்து, ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு தொடக்கத்திலிருந்தே பெரிதாக இருந்தது என்பதையும் எழுதினார். அதாவது எல்லாப் பழியையும் இருக்கையின் தலையில் போட்டுவிட முடியாது என்று தாமே ஒப்புக்கொண்டார். உங்கள் கணவரோ லண்டன் ஓட்டுநரைவிட மோசமான நிலையில் இருக்கிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் நாள்களில், வண்டியும் நகராது, அவரும் நகர மாட்டார்.

இனி இரவு நடைக்கு வருகிறேன். சோறோ இட்லியோ பரோட்டாவோ, எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் ஏறுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் அது உச்சத்தைத் தொடுவது வழக்கம். அந்தக் குளுக்கோஸைத் தசைக்குள் விட வேண்டுமானால் இன்சுலின் வந்து கதவைத் தட்ட வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் தட்டினாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் சுருங்கி விரிகின்றன அல்லவா, அப்போது இன்சுலின் தட்டாமலேயே அந்தத் தசைகள் தம் கதவுகளைத் தாமே திறந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் நடப்பதற்குத் தனி மதிப்பு இருப்பது இதனால்தான்.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தினர் இதை எளிமையாகச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 41 பேரை, முதலில் தினமும் ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடக்கச் சொன்னால் என்ன ஆகிறது, அதையே பிரித்து மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடக்கச் சொன்னால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். மொத்த நேரம் இரண்டிலும் ஒன்றே. பிரித்து நடந்த நாள்களில் சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த வேறுபாடு 22 விழுக்காடு. இரவில்தான் மாவுச்சத்து அதிகமாகச் சாப்பிட்டு, சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தும் விடுகிறார்கள் என்பது அதற்கு அவர்கள் கண்ட காரணம். நம் வீடுகளின் நிலையும் இதுதானே? பகலில் வண்டியிலேயே ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, காசிமேட்டு நெத்திலிக் குழம்போடு தட்டு நிறையச் சோறு சாப்பிட்டதும் படுக்கையில் சாய்வது. 41 பேர் என்பது சிறிய ஆய்வுதான், எனினும் வேறு சிறு ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுவதால் நான் இதை நம்பிச் சொல்கிறேன்.

மாமியாருடைய அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடினாலும், பாரம் தூக்கினாலும் விலாவில் பிடிப்பும் குமட்டலும் வருவது உண்மை. குடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தைக் கைகால்கள் பங்கு கேட்கின்றன. அந்தக் காலத்தில் சாப்பிட்டு எழுந்ததும் மூட்டை தூக்கப் போனவர்களைப் பார்த்துத்தான் அந்த எச்சரிக்கையே பிறந்திருக்க வேண்டும். நான் சொல்வது பேசிக்கொண்டே நடக்கும் நடை, மூச்சு வாங்காத நடை. அதனால் குடல் பிசகாது. மாறாக, சாப்பிட்டதும் படுப்பவர்களுக்கு வரும் நெஞ்செரிச்சல் குறையும். உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்பார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டே கிளம்பட்டும், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் கிளம்பினால் போதும். மாமியாரையும் உடன் கூட்டிக்கொண்டு போகலாமே. அவருடைய வேகம்தான் சரியான வேகம்.

எங்கே நடப்பது என்பது நம் பகுதியில் பெரிய கேள்வி. விரைவுச் சாலைப் பக்கம் வேண்டாம், லாரிப் புழுதியையும் புகையையும் இழுப்பதற்காக நடக்க வேண்டியதில்லை. கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகள் அருகில் இருந்தால் நல்லது. தெருநாய்த் தொல்லை இருந்தால் மொட்டை மாடியே போதும். பகல் வேளைக்கு ஒரு வழி சொல்கிறேன். நாற்பது அடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லரை ஓர் அடி இரண்டடி தள்ளி ஒருமுறை சுற்றி வந்தால், சுமார் அறுபது காலடிகள் ஆகும். நிதானமாக நடந்தால் பத்து நிமிடத்தில் பதினைந்து சுற்று, அதாவது 900 காலடிகள் கிடைக்கும். ஆனால் இது யார்டுக்குள், வண்டியை அணைத்து ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போது மட்டும். சாலை வரிசையில் நிற்கும்போது பக்கத்து வண்டி எப்போது நகரும் என்று தெரியாது. அங்கே இறங்கிச் சுற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது மாத்திரை. அவர் எடுப்பது மெட்ஃபார்மின் மட்டும் என்றால், நடப்பதால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் கதை வேறு. அட்டையின் பின்பக்கத்தில் பெயர் அச்சிட்டிருக்கும், அதைப் படித்துப் பார்த்துவிட்டு, நடையைத் தொடங்கப் போவதை மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். கைநடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். டிரெய்லர் ஓட்டுபவருக்கு இது ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வண்டியில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். சாப்பிட்டு நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ வந்தால், அதை வாயு என்று முடிவு செய்யாமல் நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாதத்தையும் கவனியுங்கள். இராயபுரத்தில் 1954-லேயே பேராசிரியர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனி மருத்துவமனை தொடங்கிய பகுதி நம்முடையது. அப்படியிருந்தும் வெறுங்காலோடு மொட்டை மாடியில் நடந்து, ஆணி குத்தியதே தெரியாமல் புண்ணோடு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். கோயில் வீதி என்பதற்காகச் செருப்பைக் கழற்ற வேண்டாம். மாடியில் நடந்தாலும் மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு போட்டுக்கொள்ளட்டும். நடந்து வந்ததும் நீங்களே அவர் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் உணர்ச்சி குறைந்த பாதம் தன் காயத்தைத் தானே சொல்லாது.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் ஒன்று மட்டும். குழம்பு மீனையும் பொரியலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போவது சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத மாற்றம், முயன்று பார்க்கலாம்.

வாட்சில் இலக்கை 4,500 என்று மாற்றிவைக்கச் சொல்லுங்கள், மகனுக்கு அது தெரிந்திருக்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஐந்நூறு கூட்டிக்கொண்டு போனால், இரண்டரை மாதத்தில் 7,000-ஐத் தொட்டுவிடலாம். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை சிவப்பணுக்களின் ஆயுளை ஒட்டி அமைந்தது. ஆகவே அதை அடுத்த மாதமே எடுத்துப் பார்த்து மாற்றம் குறைவாக இருக்கிறதே என்று சோர்ந்துபோக வேண்டாம். மூன்று மாதம் முழுதாகக் கழிந்தபின் எடுங்கள். 7.8 என்ன ஆனது என்பதை எனக்கும் எழுதுங்கள்.