புல்க்லி-நெச்சாக்கோ: சேவைக்கு ஒரு வரைபடம், வரைபடத்துக்கு ஒரு வரி

[திரையில்: பிரிட்டிஷ் கொலம்பியாவின் வரைபடம். நடுவில் ஒரு பெரிய பகுதி பச்சையாக மாறுகிறது.]

வணக்கம். கனடாவின் மேற்குக் கோடியில் இருக்கும் மாகாணம் பிரிட்டிஷ் கொலம்பியா. அதன் நடுவில் பச்சையாகத் தெரிகிறதே, அதுதான் புல்க்லி-நெச்சாக்கோ வட்டார மாவட்டம். பரப்பளவு ஏறத்தாழ 73,000 சதுர கிலோமீட்டர். அயர்லாந்துக் குடியரசே இதைவிடச் சற்றுச் சின்னதுதான். ஆனால் மக்கள்தொகை 38,000-க்கும் கொஞ்சம் குறைவு.

பெரும்பாலும் காடும் ஏரியும் மேய்ச்சல் நிலமும். இங்கே குப்பையை யார் பார்த்துக்கொள்வது? தீயணைப்பு வண்டியை யார் வாங்குவது? அதற்கு யார் வரி கட்டுவது? இதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி கொஞ்சம் வினோதமானது. அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: நெடுஞ்சாலை 16, ஓடும் வண்டியிலிருந்து.]

முதலில் ஊர்கள். நெடுஞ்சாலை 16-ல் மேற்கிலிருந்து கிழக்கே வந்தால் ஸ்மிதர்ஸ், டெல்க்வா, ஹூஸ்டன், பர்ன்ஸ் லேக், ஃப்ரேசர் லேக், வாண்டர்ஹூஃப் என்று ஆறு ஊர்கள் வரிசையாக வரும். பக்கத்திலேயே ரயில் பாதை. இந்தப் பாதையின் கடைசி ஆணியை 1914-ல் ஃபோர்ட் ஃப்ரேசர் அருகே அடித்தார்கள். நெடுஞ்சாலையை விட்டு வடக்கே விலகி இன்னும் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று ஃபோர்ட் செயின்ட் ஜேம்ஸ், 1806-லேயே தோல் வணிகத்துக்காகக் கோட்டை போட்ட இடம். இன்னொன்று பாபின் ஏரிக்கரையில் இருக்கும் கிரானைல். செப்புச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1960-களில் கட்டிய ஊர் இது. 1992-ல் கடைசிச் சுரங்கமும் மூடியபிறகு மலிவாகக் கிடைத்த வீடுகளைப் பணி ஓய்வு பெற்றவர்கள் வாங்கிக் குடியேறினார்கள்.

இந்த எட்டு ஊர்களுக்கும் தனித்தனி நகராட்சி உண்டு, மேயர் உண்டு. நகராட்சி எல்லைக்கு வெளியே பண்ணை வீடுகளிலும் ஏரிக்கரைகளிலும் சிதறி வாழ்கிறவர்களுக்கு? 1965 வரை அவர்களுக்கென்று உள்ளாட்சியே கிடையாது. எதுவானாலும் தலைநகர் விக்டோரியாவில் இருந்த மாகாண அரசைத்தான் கேட்க வேண்டும். டபிள்யூ. ஏ. சி. பென்னெட் மாகாணத்தின் பிரீமியராக, அதாவது முதல்வராக, இருந்தபோது சட்டத்தைத் திருத்தி வட்டார மாவட்டங்களை உருவாக்கினார்கள். புல்க்லி-நெச்சாக்கோ 1966-ல் பிறந்தது. மாகாணம் முழுக்க இன்று இப்படி 27 இருக்கின்றன.

[திரையில்: நீள்வட்ட மேசை, பதினைந்து நாற்காலிகள்.]

மேலிருந்து ஒரு அதிகாரியை அனுப்பி ஆளச் சொல்லும் அமைப்பு இல்லை இது. பர்ன்ஸ் லேக்கில் ஒரு அலுவலகம், அங்கே ஒரு வாரியம், அதில் 15 பேர். எட்டு நகராட்சி மன்றங்களும் தங்கள் உறுப்பினர்களில் ஆளுக்கு ஒருவரை அனுப்பும். நாட்டுப்புறத்தை ஏ முதல் ஜி வரை ஏழு தேர்தல் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அங்கிருந்து வரும் ஏழு பேரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவரை வாரியத்துக்குள்ளேயே ஆண்டுக்கொரு முறை தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

சரி, இனிதான் விஷயம். இந்த மாவட்டத்துக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி வரி கிடையாது. ஒவ்வொரு சேவையும் தனித்தனிக் கணக்கு. பொது நிர்வாகம், குப்பை மேலாண்மைத் திட்டம், நாட்டுப்புறத்தின் பேரிடர் திட்டம் போன்ற சிலவற்றைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. மற்றதெல்லாம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மட்டும்.

ஃபோர்ட் ஃப்ரேசரையே எடுத்துக்கொள்வோம். நகராட்சி அந்தஸ்து இல்லாத சின்னக் குடியிருப்பு. அங்கே குடிநீரும் கழிவுநீரும் மாவட்டத்தின் பொறுப்பு. அதற்கான செலவு அந்தக் குடியிருப்பின் தலையில் மட்டும் விழும். நூறு கிலோமீட்டர் தள்ளிக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற பண்ணைக்காரர் அதற்குக் காசு கொடுக்க மாட்டார்.

[திரையில்: ஒரே வரைபடத்தின்மேல் வெவ்வேறு நிற எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன.]

தீயணைப்புக்கு ஒரு எல்லை, நூலக உதவிக்கு வேறொரு எல்லை, விளையாட்டு அரங்குக்கு இன்னொன்று. தீயணைப்பு எல்லையில் காப்பீட்டுக்கும் பங்கு உண்டு. தீயணைப்பு நிலையத்திலிருந்து சாலை வழியாக 8 கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் பிரீமியம் குறையும். அதனால்தான் டாப்லி மாதிரி சின்ன இடங்களில்கூட தன்னார்வலர்களை வைத்துத் தீயணைப்புப் படை நடத்துகிறார்கள். வரி ஏறினாலும் காப்பீட்டில் மிச்சம் பிடிக்கலாம் என்பது பலருடைய கணக்கு.

புதிதாக ஒரு சேவை தொடங்க வாரியம் துணைவிதி, அதாவது உள்ளூர்ச் சட்டம், போட வேண்டும். சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதலும் வேண்டும். வாக்கெடுப்பு ஒரு வழி. இன்னொரு வழி மாற்று ஒப்புதல் முறை. வேண்டாம் என்பவர்கள் மட்டும் படிவம் எழுதித் தர வேண்டும். அந்தப் பகுதி வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் அப்படி எழுதித் தராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கணக்கு. பேசாமல் இருப்பதே சம்மதம் என்கிற இந்த ஏற்பாடு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் சில நூறு வீடுகளுக்காக முழு வாக்கெடுப்பு நடத்தினால் செலவு எவ்வளவு ஆகும் என்று யோசித்தால் காரணம் புரிகிறது.

அப்புறம் வாக்கு எண்ணும் விதம். துணைவிதி போட்டுச் சேவை தொடங்குவது போன்ற முடிவுகளில் ஆளுக்கு ஒரு வாக்கு. நானூறு பேர்கூட இல்லாத கிரானைலுக்கும் ஒன்று, ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஸ்மிதர்ஸுக்கும் ஒன்று. பட்ஜெட் மாதிரி பண விஷயம் வந்தால் எடை வாக்கு. மக்கள்தொகையை ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து, மீதி வந்தால் ஒன்றைக் கூட்டிக்கொள்வார்கள். அந்த எண் 2,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஸ்மிதர்ஸுக்கு மூன்று, கிரானைலுக்கு ஒன்று. ஒரு சேவையின் அன்றாட நிர்வாகம் பற்றிய முடிவு என்றால், அதற்குப் பணம் கட்டும் பகுதிகளின் உறுப்பினர்கள் மட்டும்தான் வாக்களிக்கலாம். ஒரே கூட்டத்தில் ஒரு தீர்மானத்துக்கு 15 கைகள் உயரும், அடுத்ததற்கு நாலைந்து கைகள்தான் உயரும்.

[திரையில்: ஊட்சா ஏரி. தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள்.]

இதுவரை சொன்னதைக் கேட்டால் மாவட்டத்தின் கையில் நிறைய அதிகாரம் இருப்பதுபோல் தோன்றும். அப்படி இல்லை. நாட்டுப்புறச் சாலைகள் மாகாணத்துடையவை. போலீஸ் வேலையைப் பார்ப்பது கனடாவின் மத்திய போலீஸ் படையான ஆர்.சி.எம்.பி. காடும் கனிமமும் விக்டோரியாவின் கையில். நாட்டுப்புற வீட்டுவரியைக்கூட மாகாணம்தான் வசூலித்து மாவட்டத்தின் பங்கைக் கொடுக்கிறது.

பூர்வகுடிகளின் நிலை இன்னும் சிக்கலானது. வெட்சுவெட்டென், டகெல், லேக் பாபின் மக்களின் தாய்நிலம் இது. அவர்களுக்கென்று ஒதுக்கிய ரிசர்வ் நிலங்கள் மத்திய அரசின் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றின் மன்றங்களுக்கு இந்த 15 நாற்காலிகளில் ஒன்றுகூடக் கிடையாது. நவீன ஒப்பந்தம் செய்துகொண்ட பூர்வகுடிகள் மாகாணத்தின் வேறு சில மாவட்ட வாரியங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லை. இத்தனைக்கும் நில உரிமைச் சட்டத்தையே மாற்றிய டெல்கமூக் வழக்கின் விசாரணை 1987-ல் தொடங்கியது இதே ஸ்மிதர்ஸில்தான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1997-ல் வந்தது.

வட்டார மாவட்டம் பிறப்பதற்கு முன்பே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1952-ல் கெனி அணை கட்டி நெச்சாக்கோ ஆற்றை மறித்தார்கள். கடற்கரையில் இருக்கும் கிட்டிமட் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான செஸ்லாட்டா மக்களுக்குக் கொடுத்த அவகாசம் சுமார் இரண்டு வாரம். வீடு வாசலை விட்டு வடக்கே கிராஸி பிளெயின்ஸ் பக்கம் போனார்கள். பிற்பாடு வெள்ளம் கல்லறைகளையும் அரித்துக்கொண்டு போனது. நீர்த்தேக்கம் இந்த மாவட்டத்தில், ஆலையும் மின்நிலையமும் பக்கத்து மாவட்டத்தில். தண்ணீரில் போனது இங்கே, வரி கட்டும் ஆலை அங்கே.

[திரையில்: புகை மூடிய ஃபிரான்சுவா ஏரி, நடுவில் கார்களை ஏற்றிச் செல்லும் படகு.]

ஃபிரான்சுவா ஏரியின் தென்கரையை, அதே கிராஸி பிளெயின்ஸ் இருக்கும் பக்கத்தை, சவுத்சைடு என்பார்கள். பர்ன்ஸ் லேக்கிலிருந்து போக ஏரியில் இலவசப் படகு. 2018 ஆகஸ்டில் காட்டுத்தீ நெருங்கியபோது வெளியேறும் உத்தரவு போட்டது வட்டார மாவட்டம், தீயை அணைக்க வேண்டியது மாகாணத்தின் காட்டுத்தீப் படை. பலர் வெளியேற மறுத்தார்கள். மரம் வெட்டுகிறவர்களும் மாடு வளர்க்கிறவர்களும் தங்கள் புல்டோசர்களையே எடுத்துத் தீத்தடுப்புக் கோடு போட்டார்கள். வெளியேற்ற எல்லைக்குள் எரிபொருளும் சாமானும் கொண்டுவருவது பெரும்பாடாயிற்று. என் பார்வையில் இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. உயிர் போனால் உத்தரவு போடாத வாரியத்தைத்தான் கேட்பார்கள். மாடுகளை விட்டுவிட்டுப் போ என்றால் பண்ணைக்காரர் எப்படிப் போவார்?

[திரையில்: மூடிய மர ஆலையின் வாசல்.]

கடைசியாகப் பணம். மர ஆலைகள்தான் இந்த ஊர்களின் முதுகெலும்பு. அண்மை ஆண்டுகளில் ஹூஸ்டன், ஃப்ரேசர் லேக் ஆலைகள் மூடிவிட்டன. ஆலை போனால் வேலை மட்டுமா போகிறது? நீச்சல்குளத்துக்கும் நூலகத்துக்கும் காசு கொடுத்த வரியும் சேர்ந்தே போகிறது. காட்டிலும் சுரங்கத்திலும் கிடைக்கும் வருமானம் மாகாணக் கஜானாவுக்குப் போகிறது, எங்கள் குழாயும் சாலையும் தேய்கின்றன என்று வடமேற்கின் மூன்று வட்டார மாவட்டங்களும் நகராட்சிகளும் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்துப் பல ஆண்டுகள் பேசிப் பார்த்தன. 2024-ல் மாகாணம் இறங்கிவந்து 25 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது, ஆண்டுக்கு 5 கோடி வீதம். ஐந்து ஆண்டுக்குத்தான் அந்த ஒப்பந்தம். அது முடிந்ததும் மறுபடியும் விக்டோரியாவுக்குப் போய்க் கேட்டு நிற்க வேண்டியதுதான்.