தேடியவர் கிடைக்கவில்லை, அதனால் தோல்வியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தாந்த்ரகாஸ்தோவின் கடற்பயணம் வெற்றியா, தோல்வியா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஒரே போடாகப் போட்டார்: “பசிபிக் கடலில் காணாமல் போன பிரெஞ்சு மாலுமி லா பெரூசைத் தேடப் போனவர், அவருடைய கப்பல்கள் உடைந்து கிடந்த வனிகோரோ தீவைத் தூரத்தில் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டாரே!”

உண்மைதான், மறுக்கவில்லை. 1793 மே மாதம் அது. ஆனால் அன்று அவர் இருந்த நிலை என்ன? கூட வந்த எஸ்பெரான்ஸ் கப்பலின் தலைவர் உவான் தெ கெர்மாதெக்கை அதே மாதம்தான் நியூ கலிடோனியாவில் புதைத்திருந்தார்கள். ஜூலையில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் தாந்த்ரகாஸ்தோவையும் கொண்டுபோனது.

சரி, கையில் என்ன துப்பு இருந்தது? நியூ கினிக்கு வடக்கே உள்ள அட்மிரால்டி தீவுக்காரர்கள் பிரெஞ்சுச் சீருடை போட்டிருந்தார்களாம் என்று கேப் டவுனில் காதில் விழுந்த ஒரு பேச்சு. அங்கேயும் போய்ப் பார்த்தார், ஒன்றுமில்லை. 1827இல் வனிகோரோவில் அந்தக் கப்பல்களின் சிதைவுகளைக் கண்டுபிடித்த கப்பல் தலைவர் பீட்டர் டில்லனுக்கோ பக்கத்துத் தீவிலேயே ஒரு வாளின் கைப்பிடி கிடைத்திருந்தது. இரண்டும் ஒன்றா, நடுவர் அவர்களே?

ஈல் தெ பிரான்சில், அதாவது இன்றைய மொரீஷியசில், 1787 முதல் 1789 வரை ஆளுநராக இருந்தவர் தாந்த்ரகாஸ்தோ. ஐம்பதைத் தாண்டிய வயதில் 1791 செப்டம்பரில் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்.

இனி நண்பர் தொடாமல் விட்ட பக்கத்துக்கு வருகிறேன். கப்பலில் போதாம்-போப்ரே என்ற இளைஞர் இருந்தார், வரைபடக்காரர். திசைகாட்டியை மட்டும் நம்பாமல், கரையில் தெரியும் மலை, முனை, பாறை இவற்றுக்கு இடையிலான கோணங்களைக் கருவியால் அளந்து கடற்கரையை வரைந்தார். டாஸ்மேனியாவின் தெற்குக் கரையில், புரூனி தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கப்பல் போகும் கால்வாய் இருப்பதை 1792இல் இந்தப் பயணம்தான் உலகுக்குக் காட்டியது. அது இன்றும் தாந்த்ரகாஸ்தோ கால்வாய்தான். அவர் முழுப்பெயரில் புரூனியும் உண்டு; தீவின் பெயரும் அவருடையதுதான்!

அப்புறம் நடந்தது இன்னும் சுவையானது. பிரான்சில் அப்போது புரட்சி நடந்துகொண்டிருந்தது; தலைவர் இறந்த பிறகு, மன்னர் கட்சி, குடியரசுக் கட்சி என்று குழு ஜாவாவில் உடைந்தது. இதையும் நண்பர் தோல்விக் கணக்கில் எழுதினார். ஆனால் பயண ஆவணங்கள், பிரான்சோடு போரிலிருந்த ஆங்கிலேயர் கையில் சிக்கியபோது அவர்கள் குப்பையில் போடவில்லை. லண்டனில் உட்கார்ந்து வரைபடங்களை நகலெடுத்தார்கள். ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்த மேத்யூ பிளிண்டர்சும் அவற்றை மனம்திறந்து பாராட்டினார்.

அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மையாருக்கு என் கேள்வி ஒன்றுதான்: தோற்றுப்போன பயணத்தின் வரைபடத்தை எதிரி நாடு எதற்காக நகலெடுக்க வேண்டும்?