வாமெய் சூறாவளி: பெரியப்பாவின் அலமாரியில் கிடைத்த 3 நிமிடம் 40 நொடி

வணக்கம். மலேசியா, ஜொகூர் மாநிலத்து ரெங்கத்திலிருந்து பேசுகிறேன். அதே பின்வாசல் படிக்கட்டு, அதே பால் சேர்க்காத கோப்பி. பக்கத்து வீட்டுச் சேவல் இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கூவுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதை மறைப்பதற்காக இசை சேர்க்க மாட்டேன். என் காணொளிகளில் இசை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்பு என் கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்தது. "2001 ஜொகூர் சூறாவளி, அரிய காட்சி" என்று மேலே எழுதியிருந்தது. ஒருவரல்ல, ஆறு பேர் அனுப்பினார்கள். எல்லாரும் உறவினர்கள். ஆவலோடு திறந்தேன். தென்னை மரம் தரையைத் தொடுகிறது, ஒரு வீட்டின் கூரை அப்படியே பெயர்ந்து பறக்கிறது. சரி என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கார்கள் சாலையின் வலப்பக்கம் போகின்றன! ஜொகூரில் என்றைக்கு வலப்பக்கம் ஓட்டினோம்? போக்குவரத்து விளக்கு கம்பியில் தொங்கி ஊஞ்சல் ஆடுகிறது. கூலாயிலோ குளுவாங்கிலோ கம்பியில் தொங்கும் விளக்கை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அது எங்கோ அமெரிக்காவில் எடுத்த படம். யாரோ ஒரு குடும்பத்தின் வீடு அங்கே போயிருக்கிறது. அவர்களுடைய துயரத்தை எடுத்து நம் ஊர்ப் பெயரை ஒட்டி அனுப்புகிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

அன்று இரவே முடிவு செய்தேன். நம் சூறாவளியின் உண்மையான படத்தைத் தேடி எடுப்பது என்று.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 2001 டிசம்பர் 27, வியாழக்கிழமை. வாமெய் என்ற சூறாவளி தென்கிழக்கு ஜொகூரில், சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் கரையேறியது. வாமெய் என்பது மக்காவ் கொடுத்த பெயர். பாடும் பறவை ஒன்றின் பெயர். பூமத்தியரேகைக்கு இரு பக்கமும் 5 பாகைக்குள் சூறாவளி உருவாகாது என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன. காற்றைச் சுழலச் செய்வது பூமியின் சுழற்சி. ரேகையை நெருங்க நெருங்க அந்த விசை தேய்ந்துவிடுகிறது. வாமெய் ஏறத்தாழ 1.5 பாகையில் உருவாகிவிட்டது. அதற்கு முன்பு ரேகைக்கு மிக நெருக்கமாக உருவானது 1956-இல் வந்த சாரா, அதுவே 3.3 பாகை. நம் ரெங்கம் 2 பாகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. நம்மைவிடவும் ரேகைக்கு நெருக்கமாக ஒரு சூறாவளி பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

எப்படிப் பிறந்தது? வடகிழக்குப் பருவக்காற்றின் குளிர்ந்த வீச்சு தென்சீனக் கடலில் பல நாள் விடாமல் தெற்கே இறங்கியது. போர்னியோ கரைக்கு அப்பால் மார்கழிக் காலத்தில் அடிக்கடி ஒரு காற்றுச் சுழல் நிற்கும். அந்தச் சுழல் தென்சீனக் கடலின் மிகக் குறுகிய தென்முனைக்கு நகர்ந்து வந்தது. குளிர்காற்று அதைச் சுற்றி வளைத்துச் சுழற்றிவிட்டது. பூமி கொடுக்காத சுழற்சியைக் காற்றே கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் கணக்கில் அது மணிக்கு 85 கிலோமீட்டர் புயல், அமெரிக்கக் கணக்கில் 140 கிலோமீட்டர் சூறாவளி. ஒருவர் 10 நிமிடச் சராசரி எடுக்கிறார், மற்றவர் 1 நிமிடச் சராசரி எடுக்கிறார், ஆனால் இத்தனை பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணமாகாது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அதன் நடுவிலேயே மாட்டிக்கொண்டு காற்றை அளந்தன. நான் கப்பல்களின் பக்கம்தான்.

ஜொகூரின் குனோங் பூலாய் மலையில் மண் சரிந்து 5 பேர் இறந்தார்கள். வாமெய் என்ற பெயரையே புயல் பெயர்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, பெய்பா என்று வேறு பெயர் வைத்தார்கள். ஒன்று சொல்ல வேண்டும், போன முறை கருத்துப் பகுதியில் பலர் இதைச் சபாவில் கெனிங்காவை அழித்த கிரெக் புயலோடு குழப்பிக்கொண்டீர்கள். அது 1996 டிசம்பர், இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பேரிடர். இது வேறு, அது வேறு.

இனித் தேடலுக்கு வருகிறேன். முதலில் கிடைத்தது விண்ணிலிருந்து எடுத்த படம். ஜப்பானின் தேசியத் தகவலியல் நிறுவனம் டிஜிட்டல் டைபூன் என்று ஒரு களஞ்சியம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு சூறாவளிக்கும் செயற்கைக்கோள் படங்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். 2001-ஆம் ஆண்டின் 26-ஆவது புயல் என்று தேடினால் வாமெய் வந்துவிடும். ஹிமாவாரி 5 என்ற செயற்கைக்கோள் எடுத்த படங்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் சின்னஞ்சிறு வெள்ளைச் சுழி ஒன்று ஜொகூர் மீது ஊர்ந்து போவது தெரியும். எவ்வளவு சிறியது என்கிறீர்கள்! சுண்டுவிரல் நகத்தால் மூடிவிடலாம். பத்து முறையாவது பார்த்திருப்பேன். கட்டணம் கேட்காமல், விளம்பரம் போடாமல் இப்படிப் பொதுவில் வைத்திருக்கிறார்களே, அந்த மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் அது மேலிருந்து பார்த்தது. கீழே நின்று பார்த்தது எங்கே? ஓர் ஒளிபரப்பு நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன், இருமுறை தொலைபேசியிலும் கேட்டேன். "படிவம் நிரப்புங்கள்" என்றார்கள். நிரப்பினேன். பிறகு ஒரு சொல் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் பேச விருப்பமில்லை.

அப்போதுதான் பெரியம்மா சொன்னார்: "உன் பெரியப்பா அந்த மழையைப் படம் பிடித்தாரே, மறந்துவிட்டாயா?"

எனக்கு அப்போது பத்து வயது. மறந்தேதான் போயிருந்தேன். பெரியப்பாவை உங்களில் பழையவர்களுக்குத் தெரியும், வானொலிப் பெட்டி பழுதுபார்த்த காணொளியில் அவருடைய திருப்புளிப் பெட்டியைக் காட்டியிருக்கிறேன். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் அவர் வாங்கிய முதல் பொருள் ஒரு கைப்படக்கருவி. பெரியம்மா தையல் இயந்திரம் கேட்டிருந்தார். அந்தக் கதையை இன்னும் சொல்லிக்காட்டுவார். கருவி எப்போதோ பழுதாகிப் போய்விட்டது. ஆனால் அவர் எடுத்ததையெல்லாம் விஎச்எஸ் ஒளிநாடாவில் படியெடுத்து, ஒவ்வொன்றையும் தமிழ் நேசன் நாளிதழ்த் தாளில் சுற்றி, அந்துருண்டை போட்டு அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். 11 நாடாக்கள். தமிழ் நேசனே 2019-இல் நின்றுபோய்விட்டது, தாள் மட்டும் இன்னும் நாடாவைக் காத்துக்கொண்டிருந்தது. ஒன்றின் முதுகில் அவர் கையெழுத்து: "மார்கழி பஜனை 2001".

பிரித்துப் பார்த்தால் நாடாவின் ஓரமெல்லாம் சீனித்தூள் தூவியதுபோல வெள்ளைப் பூஞ்சணம்! நம் ஊர் ஈரக்காற்று எதையும் விடுவதில்லை. ஜொகூர் பாருவில் பழைய நாடாவைக் கணினிக்கு மாற்றித் தரும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். ஒரு நாடாவுக்கு 45 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள், ஒப்புக்கொண்டேன். பூஞ்சணத்தைப் பார்த்ததும் "எங்கள் இயந்திரத்தில் போட மாட்டோம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை. பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓட்டினால் தூள் இயந்திரத்தின் உள்ளே நாடாவைப் படிக்கும் சுழலும் தலையில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து வருகிற நாடாவுக்கும் பரவும்.

சரி, நாமே செய்வோம் என்று பழைய பொருள் சந்தையான பாசார் காராட்டுக்குப் போனேன். இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் யாரும் இதே குழியில் விழக்கூடாது. பழைய விஎச்எஸ் இயந்திரம் ஒன்று பளபளவென்று இருந்தது. 150 வெள்ளி கேட்டார். 60-க்குக் கேட்டேன். 120 என்றார். நடந்துவிட்டேன். கூப்பிட்டார். 100 என்றார். மூடி இல்லை, தொலை இயக்கி இல்லை என்று எடுத்துக்காட்டி, கடைசியில் 85-க்கு முடித்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் செருகப் போகும்போதுதான் பின்பக்கத்து எழுத்தைப் படித்தேன். 100 வோல்ட்! ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய பொருள். நம் வீட்டு மின்சாரம் 230. செருகியிருந்தால் புகை வந்திருக்கும். மின்மாற்றி ஒன்று 70 வெள்ளி கொடுத்து வாங்கினேன். ஆக 155. நல்ல வேளையாக, பெரியப்பாவின் நாடாவைப் போடாமல் ஒரு பழைய திரைப்பட நாடாவைப் போட்டுச் சோதித்தேன். படம் கிழிந்து கிழிந்து உருள்கிறது, கதாநாயகன் சிட்டுக்குருவிக் குரலில் பேசுகிறான். படத்தைப் பதிவு செய்வதில் ஜப்பானில் என்டிஎஸ்சி (NTSC) முறை, நமக்குப் பால் (PAL) முறை. அந்த இயந்திரத்துக்கு நம் நாடாவைப் படிக்கவே தெரியாது. 155 வெள்ளி! வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: வோல்ட், பால் முறை, பிறகு நாடா உள்ளே இழுக்கிறதா என்பது. கடைக்காரர் "ஓடும், ஓடும்" என்பார். ஓடும்தான்.

கடைசியில் இயந்திரம் கிடைத்தது எங்கே தெரியுமா? எங்கள் தெருவிலேயே, மூன்று வீடு தள்ளி. அந்த அத்தையின் தொலைக்காட்சிக்குக் கீழே பூத்தையல் துணி போர்த்தி இருந்தது. உள்ளே ரப்பர் பட்டை மட்டும் இற்றுப்போயிருந்தது. புதுப் பட்டை 6 வெள்ளி. 155 எங்கே, 6 எங்கே! அத்தை காசு வாங்க மறுத்துவிட்டார். தன்னுடைய கல்யாண நாடாவையும் மாற்றித் தரவேண்டும் என்று மட்டும் கேட்டார். கட்டாயம் செய்து தருவேன்.

சுத்தம் செய்ததைச் சொல்லவில்லையே! அதுதான் முதலில் செய்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, இதே படிக்கட்டில். நாடாப் பெட்டியின் அடியில் 5 திருகுகள். திறந்து, இரண்டு உருளைகளையும் எடுத்து, பஞ்சு உதிராத துணியில் சுத்தமான ஆல்கஹால் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித் துடைத்தேன். பிறகு வேறொரு புதிய நாடாப் பெட்டிக்குள் மாற்றிவிட்டேன். மூன்று மாலைப்பொழுது ஆனது. அவசரப்பட்டால் நாடா மடிந்துவிடும், மடிந்த இடம் போனது போனதுதான்.

கணினியோடு இணைத்தேன். முதலில் காலைப் பஜனை. மாரியம்மன் கோயில் முன்மண்டபம், சிறுவர்கள் கையில் ஜால்ரா, குத்துவிளக்கு. படத்தின் மூலையில் தேதி எரிகிறது: 27.12.2001. படத்தின்மேல் தேதி போடுவதை நான் எவ்வளவு வெறுப்பேன் என்று பழைய காணொளிகளில் சொல்லியிருக்கிறேன். அதை இன்றைக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனாலும் கருவியின் தேதியை நம்பிவிட முடியுமா? சுவரில் நாட்காட்டி தெரிகிறது, தினமும் தாள் கிழிக்கிறது. பெரிதாக்கினேன். 27 என்று தெளிவாகத் தெரிகிறது. பக்கத்திலேயே கடிகாரம். கருவியின் நேரம் அதைவிட 12 நிமிடம் முன்னே ஓடுகிறது. இதைக் கண்டுபிடித்தபோது நான் கத்திய கத்தலில் பெரியம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

அடுத்த காட்சி மாலை. எங்கள் லயத்து வாசல், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் வாசல். 3 நிமிடம் 40 நொடி.

கூரை பறக்கவில்லை. மரம் விழவில்லை. மழை பக்கவாட்டில் போகிறது, நேராக ஒரு துளி விழவில்லை. எதிரே செம்பனை மரங்களின் மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சீவி விட்டதுபோல நிற்கின்றன. கோழிக்கூண்டின் தகரம் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. கால்வாய் நிறைந்து, சிவப்புத் தண்ணீர் வாசற்படிக்கு வருகிறது, ஒரு ஜப்பான் செருப்பு (ரப்பர் செருப்பு) அதில் மிதந்து போகிறது. அது என்னுடையதாக இருக்கலாம். ரெங்கம் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, எங்களுக்கு வந்த காற்று இவ்வளவுதான். அந்தப் பொய்க் காணொளியோடு ஒப்பிட்டு "இதென்ன சாதாரண மழை" என்று எழுதாதீர்கள். ரேகையிலிருந்து 2 பாகைக்குள் வந்த ஒரு சூறாவளியின் ஓரம் இது. 25 படங்கள் ஒரு நொடிக்கு, ஒன்றையும் வெட்டாமல் வைத்திருக்கிறேன். நிறம் கூட்டவில்லை, கூர்மை ஏற்றவில்லை.

செடிலி, கோத்தா திங்கி பக்கத்தில் இருப்பவர்களே, புயல் உங்கள் வழியாகத்தான் உள்ளே வந்தது. அலமாரியின் அடித்தட்டைப் பாருங்கள். பூஞ்சணம் இருந்தால் ஓட்ட வேண்டாம், எனக்கு எழுதுங்கள், நான் வந்து துடைத்துத் தருகிறேன். கூலாயிலிருந்து ஒருவர் ஏற்கெனவே இரண்டு நாடா இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

இப்போது படத்தைப் போடுகிறேன். ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2 நிமிடம் 10 நொடியில் ஒரு குரல் வரும்: "என்னங்க, நனைந்தது போதும், உள்ளே வாருங்கள்!" அது பெரியம்மா. "இரு, இரு, இன்னும் கொஞ்சம்" என்பவர் பெரியப்பா. 11 நாடாக்களில் அவர் குரல் பதிவாகியிருப்பது இந்த ஓர் இடத்தில்தான். பெரியம்மாவும் இப்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். போடுகிறேன்.