கிணற்றுத் தண்ணீர் குடித்த மொறிஸ் மைனர்

வணக்கம், எல்லாரும் சுகமா? இன்றைக்கு வெளியே எங்கேயும் போகவில்லை. வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறேன். பின்னால் நிற்பது பெரியப்பாவின் மொறிஸ் மைனர் 1000. பொனற் திறந்திருக்கிறது, எஞ்சின் தண்ணீரை ஆற்றுகிற றேடியேற்றர் கழன்று இந்தச் சாக்கின் மேல் கிடக்கிறது. காரணம் தெரிந்ததுதான்: கார் கொதிக்கிறது. விடியப்புறம் ஓடினால் ஒன்றுமில்லை. வெயில் ஏறிய பிறகு, அதுவும் ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் மெதுவாக ஊர்ந்தால், பொனற் இடுக்கால் ஆவி கிளம்பும்.

இந்தக் காரில் வெப்பமானி கிடையாது. நடுவில் ஒரு பெரிய வேகமானி, அதற்குள் பெற்றோல் முள், ஒயிலுக்கு ஒரு எச்சரிக்கை வெளிச்சம், அவ்வளவுதான். ஆகையால் சூடு ஏறுவது ஆவியைக் கண்ட பிறகுதான் தெரியும். எஞ்சின் தலை வார்ப்பிரும்பு, கொஞ்சம் தாங்கும். அதை நம்பித் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

இதை ஒரு கராஜில் காட்டினோம். எட்டிப் பார்த்துவிட்டு, "தலை கழற்ற வேணும், கஸ்கெற் போயிற்று" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடுதான் கஸ்கெற். அது போனால் அடையாளம் இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்ராற் பண்ணுங்கோ. குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் சந்தேகப்படலாம். ஒயில் மூடியின் அடியில் பால் ஆடை மாதிரிப் படிந்திருந்தாலும் சந்தேகப்படலாம். எங்கள் காரில் இரண்டும் இல்லை. தலையைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் போகிற பாதையைப் பார்ப்போம் என்றுதான் இறங்கினேன்.

சரி, கமராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன். மேல் தொட்டியின் வாய்க்குள் பாருங்கோ. உள்ளே தெரிகிற சின்னக் குழாய்களின் வாய்கள் எல்லாம் வெள்ளையும் மண்ணிறமுமாகப் பொருக்குக் கட்டியிருக்கின்றன. இந்த மூலையில் உள்ளவை முழுக்க அடைத்துவிட்டன. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. உங்கள் குசினியில் தேத்தண்ணிக்கு வைக்கிற கேத்தலின் அடியைப் பாருங்கோ, இதே பொருக்குத்தான் அங்கேயும் இருக்கும்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு ஒன்று இல்லை. மழைத்தண்ணீர் கல்லின் வெடிப்புகளால் இறங்கிக் கீழே தேங்குகிறது, அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். இறங்கி வரும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பார்வைக்குக் கண்ணாடி போல இருக்கும், சவர்க்காரம் போட்டால் மட்டும் நுரைக்காது. சூடாக்கினால் கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாகிப் படியும். எஞ்சினில் எந்த இடம் கூடச் சுடுகிறதோ அங்கே கூடப் படியும். ஆவியாகிக் குறையக் குறைய நாம் மேலே ஊற்றுகிறோம். ஆவி போகிறது, சுண்ணாம்பு உள்ளேயே நிற்கிறது. ஒவ்வொரு வாளியும் தன் பங்குக்குக் கொஞ்சம் கல்லை உள்ளே வைத்துவிட்டுப் போகிறது.

தீவுப் பக்கம், கடலோரம் இருக்கிறவர்களுக்கு இதோடு உப்பும் சேரும். உப்பு படிவதோடு நிற்காது, உலோகத்தை அரிக்கும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர் என்பது தெரிந்த கதைதானே. கோடையில் வாரி இறைத்தால் வீட்டுக் கிணறும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போகும்.

பெரியப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். 1990க்குப் பிறகு, போர் நடந்து பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இந்தக் கார் பெற்றோல் கண்டதே குறைவு, மண்ணெண்ணெயில்தான் ஓடியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் சரியாக ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராற் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஏ 40, மைனர் எல்லாம் அப்படித்தான் ஓடின. பற்றரிக்கே தடை இருந்த ஊரில், றேடியேற்றர் தண்ணீரோடு கலக்கிற கூலன்ற் என்ற சொல்லை யார் கண்டது? கிணற்றடிதான் கூலன்ற் கடை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஒரு விசயம், சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள். இந்தக் காரின் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 110 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த அந்த நொடியே முழுதும் கொதித்து முகத்துக்கு வரும். கொதித்த எஞ்சினுக்குள் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் அதே அளவு பிழை, வார்ப்பிரும்பு வெடித்துவிடும். நிழலில் விட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கோ.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்த்தேன். எஞ்சினைச் சூடாக்கி நிற்பாட்டி, விசிறி ஓய்ந்த பிறகு, றேடியேற்றரின் முகத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டு போனேன். நல்ல றேடியேற்றரில் மேலிருந்து கீழே சூடு சீராகக் குறையும். இதில் இடது பக்கக் கீழ் மூலையில் ஒரு கை அகலத்துக்குக் குளிர்ந்து கிடந்தது. அங்கே தண்ணீர் ஓடவே இல்லை. காசு செலவில்லாத சோதனை இது. கராஜ்காரர் சொல்வதைக் கேட்க முன் இதைச் செய்து பாருங்கோ.

ஸ்பனர் விசயம். இது அங்குலக் கார். 7/16, 1/2, 9/16, இந்த மூன்றும் இருந்தால் பாதி வேலை முடியும். வீட்டில் இருக்கிற மில்லிமீற்றர் செற்றில் 11 போட்டால் 7/16 நட்டில் கிட்டத்தட்ட ஏறும். ஆனால் 1/2 என்பது 12.7 மில்லிமீற்றர். அதற்கு 13 போட்டால் கொஞ்சம் ஆடும், கறள் பிடித்த நட்டென்றால் மூலை மழுங்கிப் போகும். பிறகு உளியும் சுத்தியலும்தான். கறள் பிடித்த நட்டுக்கு முதல் நாளே ஒயில் விட்டு ஊற வையுங்கோ.

தண்ணீரை வெளியே விட றேடியேற்றரின் அடியில் ஒரு திருகு இருக்கிறது, அதை எல்லாருக்கும் தெரியும். எஞ்சின் உடம்பின் பின்பக்கத்திலும் ஒன்று இருக்கிறது, அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். திறந்தேன், ஒரு துளி வரவில்லை. பழைய சைக்கிள் கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்தினேன். முதலில் சேறு வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர். அந்தச் சேறு நாலாம் சிலிண்டரைச் சுற்றிக் குந்தியிருந்தது. விசிறிக்குத் தூரமான சிலிண்டர் அது. றேடியேற்றரை மட்டும் கழுவிவிட்டுத் திரும்பப் பூட்டினால் இந்தச் சேறு இரண்டு வாரத்தில் றேடியேற்றருக்குள் வந்து குந்தும்.

றேடியேற்றரைத் தலைகீழாக வைத்துக் கீழ் வாயால் தண்ணீர் அடித்தேன். ஓடுகிற திசைக்கு எதிராக அடித்தால்தான் அடைப்பு விலகும். வெளிப்பக்கத் தகடுகளுக்கும் அப்படித்தான்: எஞ்சின் இருந்த பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடியுங்கோ. தும்பி, வண்டு, செம்மண் தூசி எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். அழுத்தம் கூடின மெசினைக் கிட்டப் பிடிக்காதீர்கள், தகடு மடிந்துவிடும்.

இதற்கு எல்லாம் சுண்ணாம்பு மசியாது. அதற்குப் புளிப்பு வேண்டும். குத்துவிளக்குக்குப் பழப்புளி போடுகிற மாதிரித்தான். கடையில் சிற்றிக் அசிற் தூளாகக் கிடைக்கிறது. லீற்றருக்கு 50 கிராம் அளவில் கரைக்கலாம். இந்தக் காருக்கு மொத்தம் 5 லீற்றர் அளவு பிடிக்கும், ஆகவே 250 கிராம். தண்ணீர் சூடான பிறகு றேடியேற்றருக்கு வழி திறந்துவிடுகிற தேமோஸ்ரற்றைக் கழற்றி வைத்துவிட்டு, றேடியேற்றரைத் திரும்பப் பூட்டி, இந்தக் கரைசலை நிரப்பி, அரை மணி நேரம் எஞ்சினை மெதுவாக ஓட விடுங்கோ. மூடியை இறுக்காதீர்கள், சுண்ணாம்பு கரையும்போது வாயு வரும், நுரைக்கும். பிறகு முழுதும் வெளியே விட்டு, நல்ல தண்ணீரால் அலசி, அப்பச்சோடா கரைத்து ஒருமுறை ஓட்டிப் புளிப்பை முறித்து, திரும்பவும் தெளிவாக வரும்வரை அலசுங்கோ. கிணற்றுத் தண்ணீரால் அலசலாம், கடைசி அலசலுக்கு மட்டும் மழைத் தண்ணீர்.

இது பித்தளை றேடியேற்றருக்கும் வார்ப்பிரும்பு எஞ்சினுக்கும் சொல்கிற கணக்கு. அலுமினியத் தலை உள்ள புதிய கார்களில் இதைச் செய்யாதீர்கள். இன்னொன்று, பழைய றேடியேற்றரில் ஊசித் துவாரங்களை அந்தப் பொருக்கே அடைத்து வைத்திருக்கும். பொருக்குப் போனால் ஒழுகும். ஒழுகினால் ஈயம் ஒட்டுகிற கடைக்குக் கொண்டு போங்கோ. பொடியைப் போட்டு அடைக்கிற வேலை வேண்டாம், அது ஒழுக்கை மட்டும் பார்த்து அடைக்காது. முழுக்க அடைத்த றேடியேற்றர் என்றால் மேல் தொட்டியைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவும் கடை வேலை.

தேமோஸ்ரற்றைப் பற்றி நம்மூரில் ஒரு பழக்கம் இருக்கிறது, "வெயில் நாட்டுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிந்துவிடுவது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடாக நேரம் எடுக்கும், பெற்றோல் கூடப் போகும், ஒயிலுக்குள் ஈரம் தேங்கும். சட்டியில் தண்ணீர் வைத்து அதை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கோ. கொதிக்க முன்னம் வாய் திறந்தால் நல்லது. சாதாரணமாகப் போடுவது 82 பாகையில் திறக்கிறது, சூடான நாடுகளுக்கென்று 74 பாகையும் இருக்கிறது. நான் போடுவது 74. லண்டனிலிருந்து வந்த சித்தப்பாவின் பெட்டிக்குள் மாப்பிள்ளைச் சேட்டுகளுக்கு நடுவில் வந்து சேர்ந்தது.

அதே பெட்டியில் வந்த இன்னொரு சாமான் இந்தக் குட்டி ஹோஸ். தண்ணீர்ப் பம்புக்கும் தலைக்கும் நடுவில் இரண்டு அங்குலம்கூட இல்லாத இடத்தில் இருக்கிறது. தலையைக் கழற்றாமல் நேரான ஹோஸை இங்கே நுழைப்பது பெரும் பாடு. மடிப்பு மடிப்பாகச் சுருங்குகிறது வாங்கினால், நசித்துக்கொண்டு உள்ளே விடலாம். மற்ற ஹோஸுகளை விரலால் அமத்திப் பாருங்கோ. வெடிப்புத் தெரிந்தாலோ பஞ்சு போல இளகியிருந்தாலோ மாற்றுங்கோ. நடுவழியில் போகிற ஹோஸ் எப்போதும் மலிவான சாமான்தான்.

இனி என்ன ஊற்றுவது? கார்த்திகை, மார்கழி மழையில் ஓட்டுக் கூரையின் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறேன். முதல் மழையில் கூரைத் தூசி வரும், அதைப் போகவிட்டுப் பிறகு பிடியுங்கோ. மழை இல்லாத காலத்தில் அறையைக் குளிராக்குகிற ஏசியின் வெளிக்குழாயால் சொட்டுகிற தண்ணீரும் சரிதான், அதில் சுண்ணாம்பு கிடையாது. ஆனால் சுத்தமான தண்ணீரைத் தனியே விட்டால் இரும்பு கறள் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு கூலன்ற் சேருங்கோ. இங்கே உறைபனியா பெய்கிறது? கறளைத் தடுக்கத்தான் அது. "கூட ஊற்றினால் கூடக் குளிரும்" என்று நினைக்க வேண்டாம், வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். வாங்கும்போது பழைய கார்களுக்கான பழைய வகைக் கூலன்றா என்று கேட்டு வாங்குங்கோ. நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். புதிய வகைகளில் சில, ஈயம் ஒட்டிய றேடியேற்றருக்கு ஆகாது.

மின்விசிறி பூட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பூட்டலாம், ஆனால் அடைத்த குழாய்க்கு முன்னால் எந்த விசிறி சுழன்றும் பயனில்லை. முதலில் கழுவுங்கோ, பெல்ற்றைச் சரியாக இழுங்கோ, பொறி விழுகிற நேரத்தைத் தீர்மானிக்கிற பொயின்ற் இடைவெளியையும் ரைமிங்கையும் பாருங்கோ. பொறி பிந்தி விழுந்தாலும் எஞ்சின் சுடும்.

வெளியே விட்ட பழைய கூலன்றை வளவுக்குள் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். நம்முடைய நிலத்தில் மேலே ஊற்றியது கல்லின் வெடிப்பால் நேரே கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து ஊரே தண்ணீருக்கு அலைந்தது மறந்துவிட்டதா? நான் இந்தக் கானில் பிடித்து மூடி வைத்திருக்கிறேன்.

அடுத்த வீடியோ பிறேக். இந்தக் காரில் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அதைக் கழற்றுவது தனிக் கூத்து. இப்போது பெல்ற் இழுக்க வேண்டும். நடுவில் விரலால் அமத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும், அதற்கு டைனமோவை ஒரு கையால் நெம்பிப் பிடித்து மற்றக் கையால் நட்டை இறுக்க வேண்டும். கமரா பிடிக்க மூன்றாம் கை இல்லை. நிற்பாட்டுகிறேன், வணக்கம்.