எழுபது பழமும் ஒரு நாற்காலியும்

வணக்கம் நேயர்களே. காபிப் பழப் பறிப்பு நேரம். கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பாச்சலூர்ப் பக்கம் பலர் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டுதான் இதைக் கேட்பீர்கள். தாளும் பேனாவும் எடுக்க முடியாது. அதனால் கணக்கை எல்லாம் உங்கள் கையில் இருக்கும் பழத்தை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் என்கிற காபிக்கடைக் கம்பெனிக்கு உலகமெங்கும் 40,000 கடைக்கு மேல் இருக்கிறது. நம் மலையில் அந்தப் பேரை எடுத்தாலே ஒரே கேள்விதான் வரும். “ஒரு கப்பை 300 ரூபாய்க்கு விற்கிறான், நம்ம பார்ச்மென்ட்டுக்கு மட்டும் ஏன் இந்த விலை?” பழத்தோலை உரித்து, உள் ஓட்டோடு காயவைத்த கொட்டைதான் பார்ச்மென்ட். நியாயமான கேள்வி. அந்தக் கப்புக்குள் காபி எவ்வளவு என்று முதலில் பார்ப்போம்.

இயந்திரத்தில் வெந்நீரை அழுத்திக் கெட்டியாக இறக்கும் டிகாஷனை ஷாட் என்பார்கள். இம்மாதிரிக் கடைகளில் இரண்டு ஷாட்டுக்குச் சுமார் 18 கிராம் வறுத்த காபி. வறுக்கும்போது எடையில் 15 முதல் 20 சதவீதம் போய்விடும். ஆக, பச்சைக் கொட்டையாக 22 கிராம். பழமாகச் சொன்னால் 130 கிராம். எண்ணிப் பார்த்தால் எழுபது பழம். கூடைக்காரர் கைக்கு இரண்டு மூன்று பிடி, அவ்வளவுதான். எழுபது பழம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

இந்த எழுபது பழத்துக்கு அவர்கள் என்ன கொடுக்கிறார்கள்? அராபிகா வகைக் காபிக்கு உலக விலையைக் காட்டுவது நியூயார்க் சந்தை. ஒரு பவுண்டு, அதாவது 454 கிராமுக்கு இத்தனை சென்ட் என்று அங்கே பேசுவார்கள். 2025 பிப்ரவரியில் அது 4 டாலரைத் தாண்டியது. அந்த 4 டாலர் விலையில் வாங்கியிருந்தாலும் 22 கிராமுக்கு 19 சென்ட், 20 சென்ட்தான் ஆகும். அமெரிக்காவில் லாட்டே என்கிற பால் காபி ஒரு கப் 5 டாலருக்கு முன்பின் விற்கிறது. 5 டாலர் என்றால் 500 சென்ட். அதில் 20 சென்ட் காபி.

இப்போது 2001-க்குப் போங்கள். அந்த வருடங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், பறிகூலிக்கே கட்டாமல் பழத்தைச் செடியில் விட்ட காலம். பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. அப்போது அதே எழுபது பழத்துக்கு இரண்டு சென்ட், இரண்டரை சென்ட். கடையில் கப் விலை இறங்கியதா? இல்லை. ஏனென்றால் கப் விலையைத் தாங்கி நிற்பது காபி அல்ல. வாடகை, சம்பளம், பால், கரண்டு. நம் விலை பத்து மடங்கு ஏறினாலும் இறங்கினாலும் கப்புக்குள் சில சென்ட்தான் அசையும். அவர்களுக்குச் சில சென்ட். நமக்கு அது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1971-ல் சியாட்டிலில் திறந்தபோது அது வறுத்த கொட்டை விற்கிற கடை. நம் ஊர்க் காபித்தூள் கடை மாதிரி, வாங்கிப்போய் வீட்டில் போட்டுக்கொள்ள வேண்டியது. 1983-ல் அங்கே வேலை பார்த்த ஹோவர்ட் ஷூல்ட்ஸ் இத்தாலியின் மிலான் நகரில் மக்கள் கடையில் நின்று காபி குடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். 1987-ல் 38 லட்சம் டாலருக்குக் கடையையே வாங்கினார். தூள் விற்றவரை அது காபி வியாபாரம். கப் விற்க ஆரம்பித்த பிறகு அது இட வியாபாரம்.

இதில் எனக்கு அலுக்காத விஷயம் அளவுகள். சின்னது ‘டால்’, நடுத்தரம் ‘கிராண்டே’, பெரியது ‘வென்டி’. சூடான லாட்டேயில் டாலுக்கு ஒரு ஷாட். கிராண்டேக்கு இரண்டு. வென்டிக்கு? மூன்று என்றுதானே நினைப்பீர்கள். அதற்கும் இரண்டுதான்! 473 மில்லியிலிருந்து 591 மில்லிக்குப் போகிறது, விலையும் ஏறுகிறது, காபி மட்டும் ஏறவில்லை. அதே எழுபது பழம். கூடுவது பாலும் கொஞ்சம் பெரிய காகிதக் கப்பும். போடுகிறவருக்கு ஆகிற நேரம் அதேதான், வாடகையும் அதேதான். கூடுதலாக வாங்கும் காசில் பெரும்பகுதி அப்படியே மிச்சம். நம் டீக்கடைக்காரர் ஸ்பெஷல் டீ என்றால் தூளையாவது சேர்த்துப் போடுவார்.

அடுத்தது கடை வைக்கும் இடம். கனடாவின் வான்கூவர் நகரில் ஒரே நாற்சந்தியில் இரண்டு ஸ்டார்பக்ஸ் எதிரெதிரே பல வருடம் நடந்தது. பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறுகிற பக்கம் ஒரு டீக்கடை, இறங்குகிற பக்கம் ஒன்று. பஸ்ஸுக்கு ஓடுகிறவன் ரோட்டைத் தாண்டி வரமாட்டான். வரிசையில் எட்டுப் பேர் நின்றால் ஒன்பதாவது ஆள் நடையைக் கட்டிவிடுவான். அந்த ஒன்பதாவது ஆளுக்குத்தான் எதிர்க்கடை. பால் வண்டி ஒரே நடையில் இரண்டுக்கும் இறக்கும். போட்டிக்காரனுக்கு அந்த நாற்சந்தியில் இடமும் கிடைக்காது. ஒரு கடையின் வியாபாரத்தை இன்னொன்று தின்றாலும் சண்டை வராது, இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. அமெரிக்காவில் தனி ஆளுக்குப் பிரான்சைஸ் கொடுக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. விமான நிலையம், பெரிய மளிகைக்கடை போன்ற இடங்களில்தான் உரிமம் கொடுத்து நடத்துகிறார்கள்.

அளவு மீறினால் இதுவும் கடிக்கும். 2008-ல் அமெரிக்காவில் 600 கடைகளை மூடுவதாக அறிவித்தார்கள். அதில் பெரும்பாலானவை முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் திறந்தவை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் இருந்த 84 கடைகளில் 61-ஐ மூடினார்கள். அங்கே குடியேறிய இத்தாலிக்காரர்களும் கிரேக்கர்களும் தெருவுக்குத் தெரு நல்ல எஸ்பிரசோ, அதாவது அந்த ஷாட் காபி, போட்டுக்கொண்டிருந்தார்கள். கும்பகோணத்துக்குப் போய் டிகிரி காபி விற்ற கதைதான்.

பணத்தை முன்கூட்டியே வாங்கும் வித்தை ஒன்றும் உண்டு. ஆவின் பால் அட்டைக்கு மாதத் தொகையை முன்னால் கட்டுவோம் அல்லவா, அதே மாதிரி அட்டையிலும் செல்போன் ஆப்பிலும் வாடிக்கையாளர் பணத்தைப் போட்டு வைக்கிறார். குடிக்காத காபிக்கு இப்படி அவர்களிடம் கிடக்கும் பணம் 150 கோடி டாலருக்கு மேல். வட்டியில்லாக் கடன்! மறந்துபோன அட்டைகளில் தங்கிவிடும் தொகை மட்டும் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர் வருமானமாகக் கணக்கில் ஏறுகிறது. ஆவின் அட்டையை நம் வீட்டில் யாரும் மறப்பதில்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2012 அக்டோபரில் மும்பையில் டாடாவோடு ஆளுக்குப் பாதியாகத் தொடங்கினார்கள். கொட்டை குடகுப் பக்க டாடா தோட்டங்களிலிருந்து. 2024 மார்ச்சில் 400 கடைக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நிதியாண்டில் 1,200 கோடி ரூபாய்க்கு மேல் விற்றும் சுமார் 80 கோடி நட்டம். 300 ரூபாய்க்கு விற்று எப்படி நட்டம்?

வகுத்துப் பாருங்கள். ஒரு கடைக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாளைக்கு 82,000 ரூபாய். தலைக்கு 300 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 270 பேர். பன்னிரண்டு மணி நேரக் கடைக்கு மணிக்கு 22, 23 பேர்தான். அமெரிக்காவில் பெரும்பாலோர் காரிலிருந்தபடியோ செல்போனில் முன்பே சொல்லிவைத்தோ வாங்கிப் போய்விடுகிறார்கள், நாற்காலி தேவையில்லை. இங்கே 300 கொடுத்தவர் உட்காரத்தான் வருகிறார். ஒரு கப்போடு ஒன்றரை மணி நேரம் போகும், லேப்டாப்புக்குக் கரண்டும் சேர்த்து. நகரத்தின் நடுவில், ஏ.சி. போட்ட இடத்தில், அந்த நாற்காலிக்கு அடியில் இருக்கும் சதுர அடிக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆக, அந்த 300 ரூபாய்க்குள் நாற்காலி வாடகையும் இருக்கிறது. 177 மில்லி சின்னக் கப்பை 185 ரூபாயிலிருந்து கொண்டுவந்தார்கள், பில்டர் காபியும் போட்டுப் பார்க்கிறார்கள். ஆள் கூடும், ஆனால் சின்னக் கப் குடிப்பவரும் அதே நாற்காலியில்தான் உட்காருவார்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நமக்கான பகுதியைக் கடைசியில் வைத்திருந்தேன், அதற்கு இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. வேகமாகச் சொல்கிறேன்.

கப் விலையில் பங்கு கேட்டுப் பயனில்லை. பெரிய கம்பெனி நியூயார்க் விலைக்கு மேல் கூட்டிக் கொடுப்பது ஒரே சீரான சரக்குக்கு. 2004 முதல் ஸ்டார்பக்ஸுக்குத் தனி விதிமுறைப் பட்டியலே உண்டு. நிழல் மரம், கூலி, தண்ணீர், எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். நிழல் மரம் நம்மிடம் இருக்கிறது. குறை அளவில்தான். ஒரு கன்டெய்னருக்கு 60 கிலோ மூட்டை 320, அதாவது 19 டன். ஏக்கருக்கு 200 கிலோ சுத்தக் காபி, அதாவது ஓடு நீக்கிய பச்சைக் கொட்டை, என்று தாராளமாக வைத்தாலும், இரண்டு ஏக்கர்க்காரர் நாற்பத்தெட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஒரு கன்டெய்னர். அந்த நாற்பத்தெட்டுப் பேரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்க வேண்டும். பறித்த அன்றே பழத்தோல் உரிக்கும் பல்பரில் போட வேண்டும், அடுத்த நாளைக்கு வைத்தால் புளிப்பு ஏறும். களத்தில் மெல்லியதாகப் பரப்பி, இரவில் மூடி, ஈரம் 10 சதவீதத்துக்கு வந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். ஒருவர் மட்டும் 13 சதவீதத்தில் கட்டிக் கொண்டுவந்தால், பட்டிவீரன்பட்டிக் கிடங்கில் அந்த மூட்டை பூசணம் பிடித்து, அதோடு கலந்த சரக்கும் வாசனை கெட்டுப்போகும். பழம் பறிக்கும் இந்த வாரமே பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஈரமானி இருக்கிறதா என்று கேளுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.